பிள்ளைகளுக்காகத் தேடிய பேட்டை: பம்பாய்த் தமிழர் குடியேறிய வரலாறு

கோயில் உள்ள ஊரை நாடிக் குடியேறுதல் தமிழர் மரபு. பம்பாய் மாநகருக்குப் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பள்ளிக்கூடம் உள்ள பேட்டையை நாடின. பள்ளி இல்லாதவிடத்து அதனைத் தாமே தோற்றுவித்தன. மாட்டுங்கா, சயான், வடாலா, செம்பூர், முலுந்து, டோம்பிவிலி என்னும் ஊர்ப்பெயர்களை நம்மவர் இல்லங்களில் உறவினர் பெயர்களைப் போல் உரிமையோடு வழங்கக் கேட்கிறோம். இவ்விடங்களை நம் முன்னோர் எவ்வாறு தேர்ந்தனர், எதனை எண்ணித் தேர்ந்தனர், அத்தேர்வால் அவர்தம் பிள்ளைகள் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை இம்மலரின் வாயிலாக ஆராய விழைகிறோம்.

பழங்கதை பேசி மகிழ்வதற்காக மட்டும் இதனை எழுதப் புகுந்தோம் அல்லோம். மாற்றலாகி வரும் குடும்பமாயினும், சொந்த வீடு வாங்க முற்படும் குடும்பமாயினும், முதலில் எழும் வினா எந்தப் பகுதியில் குடியிருப்பது என்பதே. கைக்குழந்தை உள்ள வீட்டிற்கு நல்ல தண்ணீரும் அண்மையில் ஒரு மருத்துவரும் இருந்தால் ஒருவாறு போதும். பன்னிரண்டு அகவையைத் தாண்டிய பிள்ளை உள்ள வீட்டிற்கு அவை போதா. அப்பருவத்துப் பிள்ளை வீட்டில் உண்டு உறங்குகிறது. வளர்வதோ தெருவிலும் பள்ளியிலும் விளையாடும் வெளியிலும். தந்தை சொல்லினும் தோழன் சொல் பெரிதாகப் படும் காலம் அது. ஆதலின் பேட்டையைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், தம்மை அறியாமலே பிள்ளையின் தோழரையும் தேர்ந்தெடுக்கின்றனர்.

கொள்ளைநோய் திறந்த வழி

பம்பாயின் புறநகர் வரலாறு ரயிலோடு தொடங்குகிறது. 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. வழியில் கிடந்த உப்பளங்களும் வயல்களும் சிற்றூர்களும் நகரோடு பிணைக்கப்பட்டன. எனினும் நகர மாந்தர் உடனே அங்குக் குடிபோய்விடவில்லை. கோட்டைப் பகுதியிலும் கிர்காமிலும் ஆலைகளை அடுத்த தெருக்களிலும் 'சால்' எனப்படும் வரிசை வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். ஒரே அறையில் ஒரு குடும்பம். பல குடும்பங்களுக்குப் பொதுவாய் ஒரு குழாய், ஒரு கழிப்பிடம். இதுவே அன்றைய நிலை.

1896ஆம் ஆண்டில் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் தோன்றிற்று. நகரம் நடுங்கியது, பல்லாயிரவர் ஊரை விட்டு ஓடினர். காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமே நோய்க்கு இடந்தந்தது என்று அன்றைய ஆட்சியாளர் கருதினர். அதன் விளைவாக 1898இல் பம்பாய் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. பழந்தெருக்களை இடித்து அகலப்படுத்துவதோடு, நகருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் நிலத்தைத் திருத்தி, அகன்ற வீதிகளும் மரங்களும் பூங்காக்களும் உள்ள புதிய குடியிருப்புகளை வகுப்பதும் அதன் பணியாயிற்று. 1933இல் அந்த டிரஸ்ட் நகராட்சியோடு இணைக்கப்பட்டபோது, இக்குடியிருப்புகள் பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டன.

புதிய குடியிருப்புகளில் ஒவ்வொரு வகுப்பாரும் ஒவ்வொரு மூலையைத் தமதாக்கிக் கொண்டனர். தாதரில் பார்சி காலனியும் இந்து காலனியும் எழுந்தன. மாட்டுங்காவில் தென்னிந்தியர் திரண்டனர். ரயில்வே காரியாலயங்களிலும் வணிக நிறுவனங்களிலும் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் பணியாற்றிய தமிழ் இளைஞர்கள், முதலில் தனியராய் வந்து, நண்பரோடு அறையைப் பங்கிட்டு, மெஸ்ஸில் உண்டு காலம் கழித்தனர். திருமணமாகி மனைவி மக்களை அழைத்து வரும் நாள் வந்தபோது, பொதுக் கழிப்பிடம் உள்ள சால் வீடு அவர்கட்கு மனம் ஒப்பவில்லை. சமையலறையும் குளியலறையும் தனித்தனியே அமைந்த அடுக்கு வீடுகள் மாட்டுங்காவில் எழுந்துகொண்டிருந்தன. கட்டியவர்களுள் குஜராத்தி வணிகர் பலர். குடியிருந்தவர்களுள் நம்மவர் பலர். நிலமும் சுவரும் பிறருடையன. தமிழர் அங்கு வாடகைக் குடிகளே.

நடந்து செல்லும் தொலைவு

வாடகைக் குடிகள் செய்த அருஞ்செயல் ஒன்று உண்டு. தமக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ளுமுன், பிள்ளைகட்கு ஒரு பள்ளி கட்டினர். 1932ஆம் ஆண்டு எம். வி. வெங்கடேசுவரன் என்பாரின் முயற்சியால் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. வடாலாவில் தென்னிந்தியர் நலச் சங்கம் பள்ளி நடத்தியது. மாதச் சம்பளக்காரரின் சிறு நன்கொடைகளால் இத்தகைய பணிகள் வளர்ந்தன. சங்கீத சபைக்கும் பஜனை சமாஜத்திற்கும் கொடுத்த கை, கரும்பலகைக்கும் பெஞ்சுக்கும் கொடுத்தது.

அடுத்த பத்தாண்டுகளில் அப்பகுதி அடைந்த வளர்ச்சி வியக்கத்தக்கது. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பப் பயிலகம் 1923இலேயே மாட்டுங்காவிற்கு வந்துவிட்டது. 1937இல் ருயியா கல்லூரியும் கால்சா கல்லூரியும், 1941இல் போத்தார் வணிகவியல் கல்லூரியும் தொடங்கப்பெற்றன. 1933இல் தோன்றிய பல்கலைக்கழக வேதியியல் தொழில்நுட்பத் துறை 1943இல் மாட்டுங்காவில் தன் கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தது. இவற்றின் பொருளை ஒரு பெற்றோரின் கண்கொண்டு நோக்க வேண்டும். மாட்டுங்காவில் வாழ்ந்த ஒரு பிள்ளை, முதல் வகுப்பிலிருந்து கலை, அறிவியல், வணிகம், பொறியியல், வேதியியல் ஆகிய எத்துறையிலும் பட்டம் பெறும் வரை, ரயில் ஏறாமலே கற்க இயன்றது. இந்தியாவின் பெருநகரங்களில் இத்தகைய வாய்ப்பு ஓர் எளிய குமாஸ்தாவின் குடும்பத்திற்குக் கிடைத்தது மிக அரிது.

நடந்து செல்லும் தொலைவு என்பதன் அருமையை மேலும் ஒரு வகையில் காணலாம். மகனை இரயிலேற்றி அனுப்பத் துணிந்த தந்தையும் மகளை அனுப்பத் தயங்கிய காலம் அது. கல்லூரி இரண்டு தெரு தள்ளி இருந்தால் அத்தயக்கத்திற்கு இடமில்லை. அண்டை வீட்டுப் பெண் போகிறாள், நம் பெண்ணும் போகட்டும் என்று தாய்மார் சொல்ல இயன்றது. சட்டத்தாலும் சொற்பொழிவாலும் திறவாத கதவுகளைத் தொலைவின் குறைவு திறந்துவிட்டது.

இனி, பிள்ளைகள் பள்ளி விட்டுத் திரும்பிய பின் மாலைப் பொழுது எவ்வாறு கழிந்தது? பூங்காக்கள் இருந்தன, விளையாட வெளி இருந்தது, பாட்டு வாத்தியார் பக்கத்துக் கட்டடத்திலேயே இருந்தார். 1952இல் சண்முகானந்த சபை அமைந்தது. 1963இல் கிங்ஸ் சர்க்கிளை அடுத்து அதன் பேரரங்கம் திறக்கப்பட்டது. 1990இல் தீயினால் சிதைந்த அவ்வரங்கம் மீண்டும் கட்டப்பட்டு 1998இல் திறக்கப்பட்டதும் நாம் அறிந்ததே. தவறு செய்யும் சிறுவனை வீதியில் காண்பவர் எவராயினும் அவன் தந்தையை அறிந்தவராய் இருந்தார். அக்கண்காணிப்பு பெற்றோர்க்கு ஆறுதல். பிள்ளைகட்குச் சிற்சில வேளை விலங்கு. இரண்டும் மெய்யே.

தண்டவாளத்திற்கு அப்பால்

வரலாறு எழுதுவோர் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைத்தல் முறையன்று. மாட்டுங்காவின் அகன்ற வீதிகட்கு மேற்கே ரயில் தண்டவாளத்தைக் கடந்தால் தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையினின்று வந்த தமிழர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். அதன் ஓரத்தே அமைந்த ஒரு குடியிருப்பிற்கு 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்றே பெயர். இருவர்க்கும் மொழி ஒன்று, இடத்தின் பெயரும் ஒன்று, வாழ்வோ வேறு.

மாட்டுங்காவில் குடியேறிய தமிழருள் மிகப் பலர் பிராமணர். எழுத்து வேலையில் இருந்தோர். தாராவியில் வாழ்ந்தோருள் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் இசுலாமியரும் நாடாரும் பலர், உடலுழைப்பாளர். முன்னவர் பேட்டையைத் தேர்ந்தனர். பின்னவர்க்குத் தேர்வு என்ற ஒன்று இருந்ததில்லை. வேலை கிடைத்த இடத்தின் அருகே, சதுப்பு நிலத்தைத் தம் கையாலேயே நிரப்பி, குடிசை கட்டிக்கொண்டனர். நல்ல பேட்டைகளில் வாடகைக்கு வீடு கேட்டு நின்றவரிடம் சாதியும் உணவுப் பழக்கமும் வினவப்பட்டன. எனவே, நம்மவர் நம்மவரோடு வாழ்ந்தனர் என்று பெருமை கொள்ளும்போது, அந்த 'நம்மவர்' என்னும் வட்டத்தின் வெளியே நின்ற தமிழர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தல் கடமை.

மொழியைப் பொறுத்தவரையில் இவ்விரு பேட்டைகளின் வரலாறு எதிர்பாராத பாடம் ஒன்றைத் தருகிறது. மாட்டுங்காத் தமிழர் பெரும்பாலும் ஆங்கில வழிக் கல்வியையே தம் பிள்ளைகட்கு நாடினர். வீட்டில் தமிழ் பேசினர். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக் கேட்டனர். ஆயினும் பல இல்லங்களில் இரண்டாம் தலைமுறையினர் தமிழ் எழுத்தறியாது வளர்ந்தனர். தாத்தா எழுதிய கடிதத்தைத் தாய் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தாராவியிலோ நகராட்சியின் தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. பம்பாய் நகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திப் பெயர் பெற்றது. தமிழ் அவற்றுள் ஒன்று. தோல் தொழிலாளியின் மகன் தமிழில் எழுதினான்; கணக்கரின் மகன் எழுதவில்லை.

இங்கும் ஓர் இடர் நேர்ந்தது. நகராட்சித் தொடக்கப் பள்ளிகள் ஏழாம் வகுப்போடு நின்றன. அதன் பின்னர்த் தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி பெறும் வாய்ப்பு நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று அகவையில், மனமும் உடலும் மாறும் அப்பருவத்திலேயே, பிள்ளை கல்வி மொழியையும் மாற்ற நேர்ந்தது. இயன்றவர் ஆங்கிலப் பள்ளிக்கோ இந்திப் பள்ளிக்கோ மாறினர். இயலாதவர் பட்டறைக்கும் கடைக்கும் வேலைக்குப் போயினர். வளரிளம் பருவத்தின் வாயிலில் பள்ளி இல்லாது போவது ஒரு பேட்டைக்கு எத்துணைக் கேடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

வாடகைச் சட்டமும் நெடுந்தொலைவும்

1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வாடகைகள் 1940ஆம் ஆண்டு செப்டம்பர் அளவை ஒட்டி நிறுத்தப்பட்டன. முன்னரே குடியிருந்தவர்க்கு அது காப்பு. புதிதாய் வருவோர்க்கோ அடைத்த கதவு. வீட்டை விட்டுப் போக எவரும் விரும்பவில்லை. வாடகைக்கு விடும் நோக்கில் கட்டுவோரும் குறைந்தனர். காலியாகும் வீட்டிற்குப் 'பகடி' என்னும் பெருந்தொகையைக் கையில் கொடுத்தாலன்றி உள்ளே நுழைய இயலாதாயிற்று. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த மகனே திருமணமானபின் மாட்டுங்காவில் வீடு பெற முடியாத நிலை வந்தது.

எனவே குடிகள் வடக்கும் கிழக்குமாய் நகர்ந்தன. நகராட்சி எல்லை 1950இலும் 1957இலும் விரிந்தது. 1957இல் முலுந்தும் தஹிசரும் உட்பட்டன. டிராம்பேயில் 1954இல் அணுசக்தி ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றது. அண்மையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. அவற்றில் பணியேற்ற தமிழர்க்குச் செம்பூர் இயல்பான இருப்பிடமாயிற்று. நாட்டுப் பிரிவினையின்போது அகதிகளாய் வந்த சிந்திகளும் பஞ்சாபியரும் அங்கு முன்னரே குடியேறியிருந்தனர். மாட்டுங்காவில் தமிழ்ப் பிள்ளை தன்னைப் போன்றவரையே பெரிதும் கண்டது. செம்பூரில் கண்டதோ பல மொழி பேசும் தோழரை. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் கடையில் மராத்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் பம்பாய்த் தமிழ் இளைஞன் இப்புறநகர்களில் பெருகினான்.

1960ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 1963ஆம் ஆண்டின் அடுக்கு வீட்டு உரிமைச் சட்டமும், வாடகைக் குடிகளாய் இருந்தோர் சொந்த வீட்டுக்காரராக வழிவகுத்தன. நாலைந்து அலுவலக நண்பர் கூடிப் பேசி, கூட்டுறவுச் சங்கம் அமைத்து, முலுந்திலும் காட்கோபரிலும் வீடு பெற்ற வரலாறு பல குடும்பங்களில் உண்டு. அதனினும் எளியவர் நகரெல்லைக்கும் அப்பால் டோம்பிவிலிக்கும் கல்யாணுக்கும் சென்றனர். அங்கு விலை குறைவு. விலையில் குறைந்தது பொழுதில் கூடிற்று. தந்தை விடியற்காலை ரயிலேறி, இரவு உணவு வேளைக்குத் திரும்பினார். பிள்ளை முகத்தை அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கண்டார் என்று சொல்வது மிகையாயினும், முற்றும் பொய்யன்று. பதினான்கு அகவை மகன் ஏதேனும் கேட்க விரும்பும் நேரத்தில் தந்தை ரயிலில் நின்றுகொண்டிருந்தார். வீட்டின் விலையோடு இவ்விலையும் சேர்த்தே கணக்கிடத்தக்கது.

1966இல் சிவசேனை தோன்றிற்று. எழுத்து வேலைகளில் தென்னிந்தியர் மிகுந்திருப்பதாகக் கூறி எழுந்த அக்கிளர்ச்சியால் தமிழ்க் குடும்பங்கள் அச்சமுற்றன. தென்னிந்திய உணவு விடுதிகள் தாக்குண்டன. நம்மவர் திரளாக வாழும் இடமே நலம் என்று சிலர் கருதினர். அண்டை வீட்டாரின் மொழியைக் கற்று அவரோடு கலந்து வாழ்வதே நலம் என்று சிலர் கருதினர். காலம் இரண்டாம் கருத்தின் பக்கமே நின்றது. மராத்தியைத் தம் இரண்டாம் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்நகரத்தைத் தம் ஊர் என்று சொல்லும் உரிமையைத் தாமே ஈட்டிக்கொண்டனர்.

1970இல் சிட்கோ நிறுவனம் அமைக்கப்பெற்று, கடற்கழிக்கு அப்பால் புதிய பம்பாய் வகுக்கப்பட்டது. 1973இல் பாலம் அமைந்தது. 1992இல் ரயில் வாஷியை அடைந்தது. அதன் பின்னரே நடுத்தரக் குடும்பங்கள் அங்குப் பெருகின. மாட்டுங்காவில் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1960இல் சயானில் கல்லூரி கண்டது; பின்னர் நெருலிலும் தன் கல்வி நிலையங்களை நிறுவிற்று. பள்ளியைத் தேடிக் குடிகள் சென்ற காலம் போய், குடிகளைத் தேடிப் பள்ளி சென்ற காலம் வந்தது.

இவ்வரலாறு கற்பிப்பது

இந்நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றினின்று மூன்று உண்மைகளை நாம் தேர்ந்தெடுக்கலாம். எந்த நகரில் வாழும் தமிழர்க்கும் இவை பொருந்தும் என்பது நம் துணிபு.

முதலாவது, வளரும் பிள்ளைக்கு வீட்டின் அகலத்தினும் தொலைவின் குறைவே பெரிது. பள்ளி, நூலகம், விளையாடும் வெளி, தோழர் வீடு ஆகியவற்றிற்குத் தானே நடந்து செல்ல இயலும் பிள்ளை, தன் காலில் நிற்கக் கற்கிறது. ஓர் அறை குறைந்தாலும் ஒரு மணி நேரப் பயணம் குறையும் வீட்டைத் தேர்ந்த பழைய மாட்டுங்காக் குமாஸ்தா கணக்கறிந்தவர்.

இரண்டாவது, நல்ல பேட்டை ஆயத்தமாய்க் கிடைப்பதில்லை. சதுப்பும் வெற்று மனையுமாய் இருந்த இடத்தை நல்ல பேட்டையாக்கியது அங்குக் குடியேறியவர்களின் கூட்டு முயற்சி. வசதிகளைப் பட்டியலிட்டு வீடு தேடும் இந்நாளில், போய்ச் சேரும் இடத்தில் நாம் எதனைத் தொடங்குவோம் என்று கேட்பார் சிலரே.

மூன்றாவது, கூட்டமாய் வாழ்வதனால் மட்டும் மொழி நிலைத்துவிடாது. தமிழர் சூழ்ந்த மாட்டுங்காவிலும் எழுத்து மறைந்தது. பன்னிரண்டு அகவைக்குள் எழுத்தறிவு ஊன்றாவிடின், அதன்பின் தேர்வும் மதிப்பெண்ணும் வந்து குறுக்கே நிற்கும். இன்று நகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகள் தொகை குறைந்து வருகிறது. மற்றொரு பக்கம், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம், எங்கு வாழும் பிள்ளைக்கும் வீட்டிலிருந்தே தமிழ் கற்க வழி செய்திருக்கிறது. கருவி உண்டு, பிள்ளையை அதன் முன் அமர்த்தித் தாமும் உடன் அமரும் பெற்றோரே வேண்டும்.

தமிழ்ச் சங்கங்கள் இவ்வகையில் செய்யக்கூடிய பணி எளியது. புதிதாய் வரும் குடும்பத்திற்கு எப்பகுதியில் எப்பள்ளி உண்டு, தமிழ் வகுப்பு எங்கு நடைபெறுகிறது என்று எடுத்துரைக்கலாம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தமிழ் கற்பிக்கலாம். அவ்வகுப்பின் கதவை, அடுக்கு மாடியில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கும் குடிசையில் வாழும் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒருங்கே திறந்து வைக்கலாம். தண்டவாளத்தின் இரு பக்கத்தாரும் ஒரே பெஞ்சில் அமரும் நாளில், முன்னோர் தொடங்கிய பணி நிறைவெய்தும்.